மருத்துவக் காரணம் எதுவுமில்லை

பாதியைக் கொட்டினால் போதும் என்று தீர்மானித்திருந்தார். வெள்ளைப் பிளாஸ்ரிக் கலனை இரண்டு கைகளாலும் சாய்த்துப் பிடித்து, கழிவறைப் பீங்கானின் விளிம்பை ஒட்டி ஊற்றினார். சத்தம் வரக் கூடாது. வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆனாலும் சத்தம் வரக் கூடாது. காலை ஆறு மணி. இருபத்து நான்கு மணி நேரமாகச் சேர்த்த சிறுநீர் இரண்டு லீற்றருக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஒரு லீற்றர் கோட்டுக்கு இறங்கியதும் நிறுத்தினார். மூடியை இறுக்கினார். தண்ணீரைத் திறந்துவிட்டார். பிறகு சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கை கழுவினார்.

கலனில் ஒட்டியிருந்த தாளில் பெயர் இருந்தது: அ. சுவக்கின், வயது 59. அதன் கீழே மும்மொழிகளிலும் அறிவுறுத்தல். “சேகரிக்கும் நாளில் கழியும் சிறுநீர் முழுவதையும் இக்கலனில் சேர்க்க வேண்டும். ஒரு தடவையேனும் தவறவிடலாகாது.” அந்தத் தமிழ் வாக்கியத்தை எழுதியவர் சுவக்கின்தான். வைத்தியசாலைக்கு இலவசமாக எழுதிக் கொடுத்தார். இலவசமாக எழுதிக் கொடுத்ததைப் பல பேரிடம் சொல்லியும் இருக்கிறார்.

அவருடைய தங்கை மரியகொறற்றிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. கம்பளையில் இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் கண்டிக்கு வந்து நான்கு மணி நேரம் இயந்திரத்தில் கிடக்கிறாள். அவளுக்குச் சிறுநீர் என்று ஒன்று வந்து எட்டு மாதமாகிறது. அவளுடைய மகள் ஜெஸ்மினின் இரத்த வகை பொருந்தவில்லை. அண்ணனுடையது பொருந்தியது. இரத்தம் பொருந்தியது, திசு பொருந்தியது, நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தது. ஒவ்வொன்றும் பொருந்தப் பொருந்த சுவக்கினுக்குத் தூக்கம் குறைந்தது. இந்த ஒரு பரிசோதனைதான் மிச்சம் இருந்தது. அளவு குறைந்தால் சிறுநீரகம் பலவீனம் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். வைத்தியர்கள் சொன்னால் அது அவர் சொன்னதாகாது.

கலனைத் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு அம்பிட்டியவில் கண்டி பஸ் ஏறினார். பையை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்த பெண் அது பால் என்று நினைத்திருக்கக்கூடும்.

முப்பத்தொரு வருடம் கண்டி நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். சாட்சி சொல்வதை ‘நான்’ என்று தன்மையிலேயே திருப்பிச் சொல்வது அந்த வேலையின் முறை. “நான் அவனைக் குத்தினேன்” என்று காலையில் சொல்வார். “நான் அந்த இடத்திலேயே இல்லை” என்று மத்தியானம் சொல்வார். இரண்டும் ஒரே குரல்தான். தவறே விடாதவர் என்று பெயர் எடுத்தார். முப்பத்தொரு வருடத்தில் தன்னுடையது என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டி வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன்பே வைத்தியசாலையின் நெறிமுறைக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். வைத்தியரல்லாத ஒருவர் இருக்க வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். ஒரே ஆளில் இரண்டையும் முடித்தார்கள். உறுப்பை எடுப்பதும் கொடுப்பதும் சரியா என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் கூடிப் பேசும் குழு அது. ஒன்பது கதிரைகள், ஒரு நீள மேசை, தேநீர், ரோல்ஸ்.

சேர்ந்த வருடம் வாவிக் கரையில் ஒரு ஹோட்டலில் மூன்று நாள் பயிற்சிப் பட்டறை நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் ஒரு முடிவை எப்படி நியாயப்படுத்துவது என்று கற்பித்தார். மூன்று வழிகள் உண்டாம். முதலாவது, மேலிருந்து கீழே இறங்குவது. கொள்கையை எடுத்துக்கொண்டு அதிலிருந்து வழக்குக்கு வருவது. இரண்டாவது, கீழிருந்து மேலே ஏறுவது. இதைப் போன்ற பழைய வழக்குகளில் என்ன செய்தோம் என்று பார்த்து, அவற்றிலிருந்து விதியைத் திரட்டுவது. மூன்றாவது, இரண்டுக்கும் இடையில் போய்வருவது. கொள்கை வழக்கோடு முட்டினால் கொள்கையைக் கொஞ்சம் திருத்து, வழக்கு கொள்கையோடு முட்டினால் வழக்கை இன்னொரு தரம் பார், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்வரை போய்வா. சுவக்கினுக்கு மூன்றாவதுதான் மிகவும் பிடித்தது. எப்போது நிறுத்த வேண்டும் என்று அதில் யாரும் சொல்லவில்லை.

தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. இந்த நான்கையும் ஒரு சிறிய அட்டையில் அச்சடித்து, பிளாஸ்ரிக் உறையிட்டு, சட்டைப் பையில் செபமாலையோடு வைத்துக்கொண்டார். மூன்று நாள் பட்டறைக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். அது முன் அறையில், அலுமாரிக்கு மேலே, திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. திருக்குடும்பம் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்திருக்கிறது.

அதன் பிறகு அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்டுவிட முடியாது. பக்கத்து வீட்டு நாயைக் கட்டிப்போட வேண்டுமா என்று கேட்டாலும் நான்கு கொள்கைகளும் வெளியே வரும். முடிவை அவர் முதலிலேயே எடுத்துவிடுவார். வழியைப் பிறகு தேடுவார். மேலிருந்து வந்தால் மேலிருந்து, இல்லாவிட்டால் கீழிருந்து. எந்தப் பக்கத்தால் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். இதை அவர் ஆழ்ந்த சிந்தனை என்று நம்பினார். குழுவில் மற்றவர்களும் அப்படியே நம்பினார்கள். அவர்களுக்கு அதை நம்புவது வசதியாக இருந்தது. பேசி முடிக்க ஒருவர் இருந்தார், அவர்கள் தேநீர் குடித்தார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் புஷ்பம் என்ற பெண் வந்தாள். கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம், அங்கே லயம் எனும் வரிசை வீடுகளில் ஒன்று. முப்பத்திரண்டு வயது. கணவனின் அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுப்பதற்காக வீட்டார் ஆறு பேர் வாகனம் பிடித்துக் கூட்டி வந்தார்கள். தமிழில் தனியே விசாரிக்கும் பொறுப்பு சுவக்கினுடையது. தாதி ஆஸிகாவும் கூட இருந்தாள். மாற்றுச் சத்திர சிகிச்சைக்கு வருபவர்களை ஒழுங்குபடுத்துவது அவளுடைய வேலை. மடவளைக்காரி, ‘இருக்கு’ என்பதை ‘ஈக்கு’ என்பாள்.

“ஒனக்குக் குடுக்க விருப்பமா?” என்று கேட்டார் சுவக்கின். நீதிமன்றத்தில் யாரையும் ‘நீ’ என்று அழைத்ததில்லை. இவளை அழைத்தார்.

“எல்லாரும் குடுக்கச் சொல்றாங்கய்யா.”

“நான் கேட்டது அது இல்ல. ஒனக்கு விருப்பமா?”

“பயமா இருக்குங்கய்யா. ரெண்டு புள்ள இருக்கு. கொழுந்து எடுக்கணும். வயித்தக் கிழிச்சா அப்புறம் கூடையத் தூக்க முடியுமா?”

“அப்ப விருப்பம் இல்ல.”

“ஐயோ, அப்படிச் சொல்லிறாதீங்கய்யா. ரத்தம் சேரலைன்னு சொல்லிருங்க. டொக்டர் சொன்னா கேட்டுக்குவாங்க. நான் சொன்னேன்னா அந்த லயத்துல நான் இருக்க ஏலாது.”

அவள் கேட்டது ஒன்றும் புதிதல்ல. கொடுக்க மனமில்லாதவர் வெட்கப்படாமல் விலகுவதற்கு வைத்தியர்கள் ஒரு வாசலைத் திறந்து வைத்திருப்பார்கள். ‘பொருத்தமில்லை’ என்று ஒரு சொல். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. குழுவின் தலைவரான பேராசிரியரும் அன்று அதைத்தான் செய்யலாம் என்றார். ஆஸிகாவும் அதையே சொன்னாள்.

சுவக்கின் எழுந்து நாற்பது நிமிடம் பேசினார். உண்மையை மறைப்பது நோயாளியின் தன்னாட்சியை மறுப்பது என்றார். அது மேலிருந்து. நீதிமன்றத்தில் ஒரு பொய்யை அனுமதித்ததால் பின்னால் என்ன ஆனது என்று இரண்டு வழக்குகள் சொன்னார். அது கீழிருந்து. உறவினர் ஒருவருக்கு மருத்துவக் காரணம் இருக்கிறது என்று பொய்யாகச் சொன்னால் மற்ற உறவினர்கள் பரம்பரை வியாதியோ என்று பயந்து ஒதுங்குவார்கள், அதனால் நோயாளிக்கே நட்டம் என்றார். இது நல்ல காரணம்தான். அவருடைய காரணங்கள் எப்போதுமே நல்லவை. ஒருவருக்கு ஒன்று மற்றவருக்கு ஒன்று என்று செய்தால் அது நீதியல்ல, எனவே எல்லோருக்கும் ஒரே கடிதம் போக வேண்டும் என்று முடித்தார். மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரும் கை உயர்த்தினார்கள்.

கடிதத்தின் தமிழ்ப் பிரதியை அவரே எழுதினார். “தானம் வழங்க முன்வந்தவர் தமது சுயவிருப்பின் பேரில் விலகிக்கொண்டுள்ளார் என்பதை இத்தால் அறியத் தருகிறோம். இவ்விலகலுக்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை.” இரண்டாவது வாக்கியம் சிங்களப் பிரதியிலும் ஆங்கிலப் பிரதியிலும் முதலில் இருக்கவில்லை. தமிழில் எழுதிவிட்டு, மற்ற இரண்டிலும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள். கடிதம் நோயாளியின் பெயருக்கு, நோயாளியின் மொழியில், பதிவுத் தபாலில் போகும்.

போனது. லயத்து முற்றத்தில் வைத்து அதை உரக்க வாசித்தார்கள். மூன்றாம் வாரம் புஷ்பம் இரண்டு பிள்ளைகளோடும் அங்கிருந்து கிளம்பினாள். ஆஸிகா தன் மாமாவின் மடவளைத் துணிக்கடையில் அவளுக்கு வேலை எடுத்துக் கொடுத்தாள்.

“பார்த்தீங்களா மிஸ், நல்லாத்தான் இருக்கிறா” என்றார் சுவக்கின், இதைக் கேள்விப்பட்டதும். அடுத்த வருட ஆண்டறிக்கையில் ‘தானம் செய்ய விரும்பாதோரின் நலன்’ என்ற தலைப்பில் அதை ஒரு வரியாகச் சேர்த்தார்.

கடந்த கிறிஸ்மஸ் சாப்பாட்டில்தான் அவர் வாயைத் திறந்தார். கம்பளையில், தங்கை வீட்டில், உறவினர் பதினெட்டுப் பேர். மரியகொறற்றி அப்போது இயந்திரத்துக்குப் போகத் தொடங்கியிருந்தாள். யார் கொடுப்பது என்ற பேச்சு யாருடைய தட்டிலும் விழாமல் மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவக்கின் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். “என்னுடையது இருக்கிறது” என்றார். பிறகு கொடையின் நெறி பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மரியகொறற்றி அழுதாள். பங்குச் சுவாமி அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டார். பெயர் சொல்லாதது சுவக்கினுக்குக் குறையாக இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. எழுந்து நின்றபோது கொடுக்கவே நினைத்தார். பேச்சு முடிந்து உட்கார்ந்தபோதுதான், எந்தப் பக்கத்தை வெட்டுவார்கள் என்று முதல்முறையாக யோசித்தார்.

பரிசோதனை முடிவு வந்த அன்று ஆஸிகா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

“சேர், பாதியக் காணோம்” என்றாள்.

“எதில பாதி?”

“யூரின்ல. ஒரு நாளைக்கு உடம்புல இருந்து இவ்வளவு கழிவு வெளிய வரணும்னு ஒரு அளவு ஈக்கு சேர். எடையை வெச்சுச் சொல்லுவாங்க. உங்கட எடைக்குச் சரியா அரைவாசிதான் வந்தீக்கு. ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. அப்ப மத்தப் பாதி எங்கயோ போயீக்கு.”

“வெளியே ஒரு தரம் போயிருப்பேன். மறந்திருப்பேன்.”

“ஒரு தரம் போய் ஒரு லீற்றரா?” ஆஸிகா சிரிக்கவில்லை. “பரவாயில்ல சேர். இந்த முறை வார்ட்டுல ஒரு நாள் இருங்க. நாங்களே சேத்துக்குவோம்.”

வார்ட்டில் ஒரு நாள் இருந்தார். ஒரு துளியும் தப்பவில்லை. முடிவைப் பார்த்த வைத்தியர் அவருடைய தோளில் தட்டினார். நாற்பது வயதுக்காரருடைய சிறுநீரகம் என்றார். சுவக்கின் தீர்ப்புக் கேட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுபடி ஆஸிகாவின் அறைக்குப் போனார். கதவைச் சாத்தினார்.

“மிஸ், தீங்கு செய்யாமை என்கிறதுதான் எல்லாத்துக்கும் முதல் கொள்கை.”

“ஓ சேர்.”

“ஆரோக்கியமான ஒரு உடம்பை வெட்டுறது ஒரு தீங்கு. வைத்தியத்தின்ர அடிப்படைக்கே முரண். மேலிருந்து பார்த்தா அப்படித்தான் வருது.”

“சேர், உங்களுக்கு ஏலாதுன்னா ஏலாதுன்னு சொல்லுங்க. ஒத்தரும் ஏச மாட்டாங்க.”

“ஏலாதுன்னு நான் சொல்லலையே மிஸ். வைத்தியசாலை சொல்லலாம்னுதான் சொல்றேன். பொருத்தமில்லைன்னு ஒரு சொல். அவ்வளவுதான்.”

ஆஸிகா பேனாவை மூடி வைத்தாள். “அதச் செய்யேலா சேர். எல்லாருக்கும் ஒரே கடிதம்தான். ஒத்தருக்கு மாத்தினா அது நீதி இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வழக்குக்கு வழக்கு வித்தியாசம் இருக்கு. கீழிருந்து பார்க்கணும்.”

“என்ன வித்தியாசம்?”

சுவக்கின் யோசித்தார். “அந்தப் பிள்ளை புஷ்பம், அது கல்யாணத்தால வந்த உறவு. இது கூடப் பிறந்த உறவு.”

“அப்ப இன்னும் கூடக் குடுக்கணுமே சேர்?”

“அப்படி இல்ல. உறவு நெருங்க நெருங்க கடிதத்தால வாற மனக் காயமும் கூட. அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு இருந்திருக்காது.”

ஆஸிகா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தாள். திறக்கவில்லை. அதன் மேலே கையை வைத்துக்கொண்டாள்.

“அஞ்சு பேர் சேர். நாலு வருஷத்துல இந்தக் கடிதம் அஞ்சு பேருக்காகப் போயீக்கு. அஞ்சு பேரும் நீங்க இப்ப இருக்கிற இந்தக் கதிரையிலதான் இருந்தாங்க. அஞ்சு பேரும் கேட்டது இதத்தான். ஒத்தரும் இவ்வளவு நேரம் எடுக்கல்ல.”

சுவக்கின் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

“குடுக்கிறதா இல்லையான்னு இன்னும் நேரம் ஈக்கு” என்றாள் ஆஸிகா. “குடுத்தா கடிதமே தேவையில்ல.”

“அதை நான் சமநிலையில வெச்சுப் பார்க்கணும்” என்றார். இரண்டு நாள் சமநிலையில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் விலகல் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அழகான கையெழுத்து.

வியாழக்கிழமை அவருடைய விலகல் குழுவுக்கு வந்தது. சொந்த விடயம் என்பதால் அவர் வெளியே போக வேண்டும் என்று அவரே எழுந்து அறிவித்தார். நடைவழியில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. யாரும் எதுவும் பேசவில்லை. கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டபோது, தன்னைப் பற்றி நாற்பது நிமிடமாவது பேசியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கடிதம் திங்கட்கிழமை தபாலில் சேரும். கம்பளைக்கு மூன்று நாள். வியாழக்கிழமைதான் போய்ச் சேரும். புதன்கிழமை அவர் முந்திக்கொண்டார். வேறொரு கதையை முதலில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பின்னால் வரும் கடிதத்தை அலுவலகத் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். முப்பத்தொரு வருடத்தில் இப்படி முந்திக்கொண்ட சாட்சிகள் எத்தனையோ பேருக்கு அவர் குரல் கொடுத்திருக்கிறார்.

கம்பளையில் மழை. ஸ்டேசனிலிருந்து நடந்தே போனார். மரியகொறற்றி முன் அறைக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து முக்காலியில் முக்கால் லீற்றர்ப் போத்தல் ஒன்று. ஒரு நாளுக்கு அவ்வளவுதான் குடிக்கலாம். அதில் பேனாவால் கோடுகள் போட்டிருந்தாள், காலை, மத்தியானம், இரவு. மத்தியானக் கோடு தாண்டிவிட்டிருந்தது.

“என்ன அண்ணே, இந்த மழையில?”

“ஒரு விஷயம் சொல்லணும் கொறற்றி.”

“மொதல்ல தலையத் தொடைங்க. ஜெஸ்மின், மாமாவுக்குப் பிளேன்டீ போடு.”

ஜெஸ்மின் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். வாங்க மாமா என்று சொல்லவில்லை. கேத்தலை வைக்கும் சத்தம் கேட்டது.

சுவக்கின் தொண்டையைச் செருமினார். “டொக்டர்மார் யோசிக்கிறாங்க. வயசு ஒரு பக்கம். ஸ்கேன்ல கல்லு மாதிரி என்னமோ ஒன்னு தெரியுதாம். இப்ப ஒன்ன எடுத்தா மிச்சம் இருக்கிறதுக்கு ஆபத்தாம். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.”

“சொல்லிப் பாத்தீங்களா?”

“பார்த்தேன். பரவாயில்ல, எடுங்கன்னு சொன்னேன். விட மாட்டேங்கிறாங்க.”

“பாவம்” என்றாள் மரியகொறற்றி.

ஜெஸ்மின் தேநீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, அதன் பையிலிருந்து ஒரு நீளக் கடித உறையை எடுத்தாள். பதிவுத் தபால். உறை கிழிக்கப்பட்டிருந்தது.

“நேத்தே வந்துருச்சு மாமா” என்றாள். “வாசிக்கவா? நல்ல தமிழ்.”

“ஜெஸ்மின், வேணாம்” என்றாள் தாய்.

“இல்லம்மா, மாமாவுக்கு மறந்திருக்கும்.” ஜெஸ்மின் வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல, ஒவ்வொரு சொல்லாக. “…தமது சுயவிருப்பின் பேரில் விலகிக்கொண்டுள்ளார் என்பதை இத்தால் அறியத் தருகிறோம். இவ்விலகலுக்கு மருத்துவக் காரணம் எதுவுமில்லை.” கடிதத்தை மடித்தாள். “கல்லுன்னு ஒன்னும் போடல மாமா. கல்ல விட்டுட்டாங்க போல.”

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுவக்கின் தேநீரைத் தொடவில்லை. அலுவலகத் தவறு என்ற வாக்கியம் வாய்வரை வந்தது. அந்தக் கடிதத்தில் தவறு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதில் ஒரு காற்புள்ளிகூடப் பிசகில்லை.

“வாசிச்ச ஒடனேயே எனக்குத் தெரிஞ்சிருச்சு அண்ணே, இது நீங்க எழுதினதுன்னு” என்றாள் மரியகொறற்றி. “‘இத்தால் அறியத் தருகிறோம்.’ சின்னதுல எனக்கு லீவு லெட்டர் எழுதிக் குடுக்கக்குள்ளயும் இப்படித்தான் எழுதுவீங்க. காய்ச்சல்னு எழுத ஒரு பக்கம். சிஸ்டர் வகுப்புல வாசிச்சுக் காட்டிச் சிரிப்பாங்க.”

சுவக்கின் ஜெஸ்மினின் கையிலிருந்த உறையைப் பார்த்தார்.

“பயமா அண்ணே?”

அவள் குரலில் கோபம் இல்லை. கேட்டுவிட்டு, பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருந்தாள். ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது. அந்தச் சொல் அவருக்குத் தெரியாததல்ல. புஷ்பம் என்ற பெண் அதை அவருக்கு முன்னால் இரண்டாவது பதிலிலேயே சொன்னாள், கொழுந்துக் கூடையோடு சேர்த்துச் சொன்னாள். அவர்தான் அதை அறிக்கையில் எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

“இது பயம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல கொறற்றி” என்றார் சுவக்கின். “இதை எப்படிப் பார்க்கணும்னா…”

பார்த்தார். மேலிருந்து இறங்கினார். கீழிருந்து ஏறினார். இரண்டுக்கும் இடையில் போய்வந்தார். அறுபது வயதை நெருங்கும் கொடையாளிகள் பற்றி ஏதோ ஒரு நாட்டில் எடுத்த கணக்கைச் சொன்னார். அவருக்கு ஏதாவது ஆனால் இத்தாலியில் மகளோடு இருக்கும் மனைவிக்கு யார் பொறுப்பு, அதுவும் நீதியில் ஒரு பங்குதான் என்றார். இதைச் சொன்னபோது அவரே நம்பினார். கால் மணி நேரம். மரியகொறற்றி சிறு ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டு உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். வேறு யாருடைய வழக்கையோ கேட்பது போலக் கேட்டாள்.

“மாமா” என்றாள் ஜெஸ்மின். “நீங்க சொன்ன மூனு வழியிலயும் எங்கயாவது அம்மா வர்றாங்களா? எந்தப் பக்கத்தால வர்றாங்கன்னு சொல்லுங்க, நான் வாசல்ல நிக்கிறேன்.”

“வாய மூடு ஜெஸ்மின்.” மரியகொறற்றி ஐஸை ஒரு பக்கக் கன்னத்துக்கு ஒதுக்கினாள். “பயம்னு சொல்லியிருந்தா நான் ஒன்னுமே சொல்லியிருக்க மாட்டேன் அண்ணே. எனக்கே பயந்தான். ஒவ்வொரு தடவையும் அந்த ஊசியக் குத்தக்குள்ள பயந்தான். ஒரு வருஷம் ஆகுது, இன்னும் பழகல. பயப்படுற மனுசங்கிட்ட நான் எதுக்குக் கேக்கப் போறேன்?”

“அப்படிச் சொல்றது சரியா இருக்காது கொறற்றி. அது காரணம் ஆகாது.”

“சரி.” அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “நாலு மணிக்கு ரயிலு இருக்கு. நனையாமப் போங்க. குடை இருந்தா குடு ஜெஸ்மின்.”

“குடை இல்ல” என்றாள் ஜெஸ்மின். கதவுக்குப் பின்னால் இரண்டு தொங்கின.

அவர் செருப்பை மாட்டும்போது மரியகொறற்றி மறுபடி பேசினாள்.

“அண்ணே, வர்ற கிறிஸ்மசுக்கு வர வேணாம். எல்லாரும் வருவாங்க. எனக்கு ஒன்னும் இல்ல. ஒங்களுக்குத்தான் திரும்ப எந்திரிச்சு நின்னு பேச வேண்டி வரும்.”

மறுநாள் வியாழக்கிழமை. குழு பத்து மணிக்குக் கூடியது. ஏழு பேர் வந்திருந்தார்கள். இரண்டு விண்ணப்பங்கள் அங்கீகரிக்கப்பட்டன. ஒன்று ஒத்திவைக்கப்பட்டது. ‘ஏனைய விடயங்கள்’ என்பதன் கீழ் சுவக்கின் விலகல் கடிதத்தைத் திருத்த வேண்டும் என்று பிரேரித்தார். விலகியதற்கான காரணத்தை நோயாளிக்கு அறிவிக்க வேண்டியதில்லை, ‘பொருத்தமற்றவர்’ என்று மட்டும் குறிப்பிட்டால் போதும் என்றார். இருபத்தைந்து நிமிடம் பேசினார். தீங்கு செய்யாமையிலிருந்து தொடங்கினார். ஐந்து பழைய வழக்குகளை எடுத்துக் காட்டினார். சொந்த அனுபவம் இதற்குக் காரணமா என்று பேராசிரியர் கேட்டார். இல்லை, கொள்கையிலிருந்து வந்த முடிவு என்று சுவக்கின் பதில் சொன்னார். ஆஸிகா அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினாள். பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வரும். ஏற்கனவே அனுப்பிய கடிதங்களுக்கு இது பொருந்தாது. புதிய தமிழ்ப் பிரதியை எழுதும் பொறுப்பைச் சுவக்கின் ஏற்றுக்கொண்டார். ரோல்ஸும் தேநீரும் வந்தன. கூட்டம் பன்னிரண்டு இருபதுக்கு முடிந்தது.

மரியகொறற்றி ஐந்தரை பஸ்ஸில் வந்திருந்தாள். இரண்டு மாடி கீழே, மூன்றாம் இலக்க இயந்திரத்தில் எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை கிடந்தாள். ஜெஸ்மின் வெளியே பெஞ்சில் இருந்தாள். இரண்டு கிலோ நானூறு கிராம் நீர் எடுத்தார்கள். இரத்த அழுத்தம் ஒரு தடவை இறங்கியது, கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினார்கள். பன்னிரண்டரைக்கு இருவரும் கம்பளை பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

சுவக்கின் ஒரு மணிக்கு அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோர இருக்கை கிடைத்தது.